பரீட்சை முடியட்டும்: ஒரு ஜப்பானியப் படத்துக்கு வந்த கருத்துகள்

1

கொஞ்ச நாளாக என் மகள் ஹரிணி யாரைப் பார்த்தாலும் கைபேசியை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு சொல்லாமப் போனது சரியா, தப்பா?" கேள்வி ஒரு ஜப்பானியப் படத்தைப் பற்றியது. கார்ட்டூன் படம் என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "அனிமேம்மா, அனிமே" என்று திருத்துவாள். வரைந்த படம்தானே, எப்படிச் சொன்னால் என்ன என்று நானும் விடமாட்டேன்.

அவளுக்குப் பதினேழு வயது. நடை பழகி ஓடத் தொடங்கிய வயதில் பினாங்குக்குத் தூக்கி வந்தோம். என் கணவர் சங்கர் இங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். தொழிற்சாலைகளை ஒட்டிய பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு. ஊருக்கு நாங்கள் போனதெல்லாம் விருந்தாளிகளாகத்தான். பாளையங்கோட்டைக்குப் போனால் ஹரிணி இரண்டாம் நாளே "எப்பம்மா வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்பாள். வீடு என்று அவள் சொல்வது இதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சங்கரின் வேலைப் பாஸை, அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதியை, இந்த முறை புதுப்பிக்கவில்லை. அவர் இருக்கும் பிரிவையே கம்பெனி மூடுகிறது. ஹரிணியின் பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கையோடு நாங்கள் மூவரும் மூட்டை கட்ட வேண்டும். திரும்பி வருவதற்கு வழி இல்லை. இது ஹரிணிக்குத் தெரியாது. "பரீட்சை முடியட்டும், பொறுமையாச் சொல்லிக்கலாம்" என்றார் சங்கர். அதுதான் சரி என்று நானும் தலையாட்டினேன்.

ஆகவே, "சொல்லாமப் போனது சரியா?" என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்கும்போது நான் பேச்சை மாற்றுவேன். இவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, நம் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

2

படத்தை நானும் பார்த்தேன். இல்லாவிட்டால் வீட்டில் சோறு இறங்காது என்ற நிலைமை.

கடலோரச் சிறு ஊர். ஒரு பள்ளிக்கூடம். பதினைந்து வயதில் ஒரு பெண், ஒரு பையன். பள்ளித் தோட்டத்தில் தக்காளித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை இருவருக்கும் சேர்ந்து வருகிறது. அவ்வளவுதான் காதல். ஒரு முத்தம் கிடையாது, ஒரு வில்லன் கிடையாது, யாரும் குரலை உயர்த்துவதுகூட இல்லை. மழை பெய்கிறது. ரயில் போகிறது. தக்காளி பழுக்கிறது. நம் ஊர் தியேட்டரில் போட்டால் இடைவேளைக்கு முன்னாலேயே விசில் பறக்கும்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது. பள்ளி ஆண்டு விழா முடியும்வரை யாரிடமும் சொல்லாதே என்கிறாள் அம்மா. அவளும் சொல்லவில்லை. விழாவுக்கு மறுநாள் ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கிறாள். அந்தப் பெண்ணின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போகிறாள். பையன் நிமிர்ந்து பார்க்கிறான். காலி நாற்காலி. அந்த இடத்தில் ஹரிணி ஒவ்வொரு முறையும் அழுதாள். நான் அழவில்லை.

பள்ளியில் அவளும் தோழிகளும் சேர்ந்து இணையத்தில் ஒரு சேனல் நடத்துகிறார்கள். அதற்காகத்தான் பார்வையாளர் கருத்துகளைச் சேர்க்கிறாளாம். தேர்வு நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். "பிரேக் டைம்லதானம்மா பண்றேன்" என்றாள். இங்குள்ள பிள்ளைகளிடம் அதற்கு மேல் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

3

முதல் கருத்து கீழ்வீட்டு சரோஜா அக்காவுடையது. இதே பினாங்கில் ஜெலுத்தோங்கில் பிறந்து வளர்ந்தவர், தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பாசார் எனும் சந்தைக்குக் கூட்டிப்போய் மீன் பார்த்து வாங்கச் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் பாஸ் விவகாரம் இந்த ஊரில் இவருக்கு மட்டும் தெரியும்.

"படம் நல்லா இருக்குலா. ஆனா ரொம்ப ஸ்லோ. நான் ரெண்டு தடவ தூங்கிட்டேன்" என்றார் அக்கா. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "அந்த அம்மா பண்ணது சரிதான், ஹரிணி. முன்னாடியே சொன்னா அந்தப் புள்ளைங்க விழாவுல ஒழுங்கா ஆடிப்பாடி இருக்குமா? எல்லாம் சுசாவா, கஷ்டமாப் போயிரும். அம்மா அப்பா ஒண்ண மறைச்சா அதுல ஒரு காரணம் இருக்கும்லா."

ஹரிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சரோஜா அக்காவின் பூனையைப் பார்த்தேன்.

அடுத்தது காதர் அண்ணன். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு அங்கேதான். அவர் படம் பார்க்கவில்லை. தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே ஹரிணியிடம் கதையை மட்டும் கேட்டார். முழுசாகக் கேட்ட பிறகு கரண்டியை வைத்தார்.

"என்னம்மா இது, சொல்லாம எப்படிப் போறது? எங்கள்ல பாரு, இன்னிக்கு மவுத்துன்னா இன்னிக்கே அடக்கம். மறைக்க நேரம் ஏது? ஊரே வந்து நிக்கும். அழுறவங்க அழுவாங்க. மறுநாளு கடை தொறப்போம்."

"மவுத்துன்னா?" என்று ஹரிணி கேட்டாள்.

"இறந்து போறதும்மா."

சிரித்துக்கொண்டு கேள்வி கேட்ட பிள்ளையின் முகம் சட்டென்று சுருங்கியது. கைபேசியைப் பைக்குள் போட்டாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை. தேர்வுப் பயம் என்று சங்கர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதைச் சில நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

4

பரீட்சை முடியட்டும் என்ற வார்த்தையோடுதான் நம் வீட்டுப் பிள்ளைகள் வளர்கிறார்கள். டிவி கேபிளைப் பிடுங்குவதில் தொடங்கும். சாவுச் செய்தியில் போய் முடியும்.

நான் பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, "இங்க ஒரே சத்தமா இருக்கு, நீ டீச்சர் வீட்டுல தங்கிப் படி" என்று அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். எனக்கு மகா சந்தோஷம். இயற்பியல் டீச்சர் வீட்டில் தினமும் முட்டை. கடைசித் தேர்வு முடிந்ததும் தோழிகளோடு மையைத் தெளித்து விளையாடிவிட்டு, சட்டையெல்லாம் நீலத்தோடு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ராஜம் சித்தியின் படம் மாலையோடு தொங்கியது. எங்களோடேயே இருந்தவள், எனக்குத் தலை பின்னி விடுபவள். பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. நான் மையைக் கழுவப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

தேர்வில் நல்ல மதிப்பெண். "பாத்தியா, சொல்லாம இருந்ததாலதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். இன்றைக்கும் யாராவது என் மதிப்பெண்ணைக் கேட்டால் எனக்குச் சித்தியின் சீப்புதான் ஞாபகம் வருகிறது. அப்படியிருந்தும் என் மகளுக்கு நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். நமக்கு வேறு முறை தெரியாது.

5

காதர் அண்ணன் கடைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் பாஸ் வேலைக்காக ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனோம். பழைய பாஸை முடிக்க வேண்டும், தேர்வு முடியும்வரை இருக்க ஒரு தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் எதற்காக முடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு "பாலிக் கம்போங்" என்றேன். ஊருக்குப் போகிறோம் என்ற பொருளில்தான் சொன்னேன். இங்கே பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சொல்கிற வார்த்தை அது. அவள் முகம் மலர்ந்து விடுமுறையைச் சந்தோஷமாகக் கழிக்கும்படி வாழ்த்தினாள். இத்தனை வருஷம் இருந்தும் இந்த ஊரை விட்டுப் போகிறேன் என்பதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அனுமதி வரும்வரை அவை திரும்பி வராது. அதுவரை நாங்கள் எங்கும் நகர முடியாது.

அந்த வாரத்திலிருந்து வீட்டின் காற்றே சரியில்லை. ஹரிணி என்னிடம் மிகவும் நல்லவளாக நடந்துகொண்டாள். பதினேழு வயதுப் பெண் கேட்காமலே பாத்திரம் கழுவினால், தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தால், எந்த அம்மாவுக்கும் பயம் வரும். என் கைபேசி அடித்தால் அவள் எழுந்து உள்ளே போனாள். சங்கரும் அவளும் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் நுழைந்ததும் நிறுத்துவார்கள். ஒரு நாள் சமையலறையில் என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு விடவே இல்லை. "என்னடி?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருச்சுங்க. நீங்க சொல்லிட்டீங்களா?" என்று சங்கரிடம் கேட்டேன்.

"எதை?" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

"பாஸ் விஷயத்தைத்தான். வேற என்ன இருக்கு?"

"அதெல்லாம் சொல்லல. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பேசுவது வழக்கம். அம்மா போன பிறகு அவர் என் அண்ணன் முருகேசன் வீட்டில் இருக்கிறார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சினிமாப் பைத்தியம். முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லும் மனிதர். ஹரிணியின் தமிழ் இன்னும் உயிரோடு இருப்பது அவரால்தான். இந்த ஜப்பானியப் படத்தைக்கூட அவள் அவருக்குத் தவணை முறையில், தன் உடைந்த தமிழில், வீடியோவில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளிருந்து இருவரும் சிரிப்பது கேட்கும்.

அந்த வார ஞாயிறு அண்ணன்தான் எடுத்தான். "அப்பா தூங்குதாவ, செல்வி. சளிக்கு மாத்திரை போட்டிருக்கு. பொறவு பேசலாம்" என்றான். அடுத்த வாரமும் தூக்கம்தான். அப்பா பகலில் தூங்குகிற ஆள் இல்லை. கேட்டேன். "வயசாகுதுல்லா" என்றான் அண்ணன். பின்னால் யாரோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் எங்கள் பாஸைப் பற்றி விசாரித்தான், பாஸ்போர்ட் வந்ததா என்று இரண்டு தரம் கேட்டான். இவனுக்கு என்ன திடீர் அக்கறை என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. என் கவலை முழுவதும் என் மகளின் முகத்தில் இருந்தது.

6

தேர்வில் இன்னும் இரண்டு தாள்கள் பாக்கி. மறுநாள் வேதியியல். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சங்கர் ஏஜென்ட்டைப் பார்க்கப் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஹரிணி புத்தகத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை.

"அம்மா, எல்லாரும் கருத்து சொன்னாங்க. நீ மட்டும் சொல்லவே இல்ல."

வந்துவிட்டது என்று நினைத்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"என்ன சொல்லணும்?"

"அந்தப் பொண்ணு சொல்லாமப் போனது சரியா, தப்பா?"

"சரிதான்" என்றேன். "அவ அம்மா சொன்னதை அவ கேட்டா. பெரியவங்க எதையாவது மறைச்சா நல்லதுக்காகத்தான் இருக்கும். விழா முடியட்டும்னு நினைச்சாங்க. அதுல என்ன தப்பு? தெரிஞ்சா மட்டும் அந்தப் பையனால ரயிலை நிறுத்த முடியுமா?"

பாஸைப் பற்றி அவளிடம் சொல்லாததற்கு முன்கூட்டியே நியாயம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்போ உனக்கும் சொல்லாம இருந்தா பரவாயில்லையா?"

"எனக்கா? எனக்கு எதை?"

அவள் அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையில் அழுவாளே, மூச்சு வாங்கி வாங்கி, அப்படி. நடுவே மலாயும் ஆங்கிலமும் தமிழுமாகக் கொட்டியதை நான் பொறுக்கிச் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

அவள் தாத்தாவுக்குக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்டிருக்கிறாள், எல்லோரிடமும் கேட்டதுபோல. காதர் அண்ணன் கடைக்கு நாங்கள் போனதற்கு முந்தின நாள் அது. கைபேசி பதிவாகிக்கொண்டிருந்தது. தாத்தா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை ஆட்டி, அவர் பாணியில் தீர்ப்புச் சொன்னார்.

"தாத்தா சொன்னாங்கம்மா, 'சொல்லியிருக்கணும்ட்டி. சொன்னா அந்தப் பய அழுதிருப்பான். அழட்டுமே. அழுதா என்னட்டி?'ன்னு. அப்புறம் 'அழுதா என்ன, அழுதா என்ன'ன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்க. நான் ஜோக் பண்றாங்கன்னு சிரிச்சேன். வாய் ஒரு பக்கமாப் போச்சு. வார்த்தை எல்லாம் கொழகொழன்னு ஆயிருச்சு. நான் மாமாவுக்குப் போன் பண்ணேன். மாமா ஓடி வந்தாங்க. எல்லாம் ஸ்கிரீன்ல பாத்தேம்மா."

பக்கவாதம். மறுநாள் காதர் அண்ணன் கடையில் அவள் கைபேசியோடு சிரித்ததெல்லாம், தாத்தா ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறார், பேசுகிறார் என்று மாமா சொன்னதை நம்பித்தான். அங்கே அந்த வார்த்தையின் அர்த்தத்தைக் கேட்டதும்தான் சிரிப்பு போனது. முதல் நாலைந்து நாள் அப்பாவுக்கு வார்த்தை குழறினாலும் பேச்சு இருந்திருக்கிறது. செல்வி எங்கே, செல்வி எங்கே என்று கேட்டிருக்கிறார். செல்வியின் பாஸ்போர்ட் ஏஜென்ட்டிடம் இருந்தது. தெரிந்தாலும் அவளால் வர முடியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது, பிள்ளைக்குப் பரீட்சை வேறு என்று அண்ணனும் என் கணவரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் மூச்சு விடாதே என்று ஹரிணியிடம் சொன்னது அவள் அப்பா. பரீட்சை முடியட்டும், பாஸ்போர்ட் வரட்டும். அதற்குள் அப்பாவின் பேச்சு நின்றுவிட்டது.

"ரெக்கார்ட் ஆயிருக்கும்மா. நான் திரும்பக் கேக்கல. உனக்குக் கேக்கணுமா?"

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் மேல், சங்கர் மேல், பாஸ்போர்ட் மேல். இந்தப் பிள்ளை இத்தனை நாள் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு தேர்வு எழுதியிருக்கிறாளே என்று நினைத்தபோது ஆத்திரம் போய் வெட்கமாக இருந்தது.

7

அண்ணனுக்குப் போன் போட்டேன். "இன்னொரு தடவ தூங்குதாவன்னு சொன்னே, செவிட்டுல அறைஞ்சிருவேன்" என்றேன். அவனை வாழ்க்கையில் அப்படிப் பேசியதில்லை. அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு கைபேசியைக் கொண்டுபோய் அப்பாவின் காதில் வைத்தான்.

"அப்பா, செல்வி பேசுதேன்."

மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுத்து, நின்று, வெளியே வந்தது. நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. மழையைப் பற்றிச் சொன்னேன் போலிருக்கிறது. ஹரிணி நன்றாகப் படிக்கிறாள் என்றேன். வந்துவிடுகிறேன் அப்பா, பாஸ்போர்ட் வந்ததும் வந்துவிடுகிறேன் என்றேன். அவருக்குக் கேட்டதா என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. கண் திறந்துதான் இருக்கிறது என்றான். அவர் இருப்பதற்குள் பாஸ்போர்ட் வருமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போனை வைத்தபோது ஹரிணி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "சாரிம்மா. முதல் நாளே சொல்லியிருக்கணும். தப்புதாம்மா. யாரு என்ன சொன்னாலும் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றை மறைக்க என்னால் முடியவில்லை. எனக்குச் செய்யப்பட்டதை நான் அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். அழுதா என்ன என்று அப்பா கேட்டிருக்கிறார். எனக்கு அவர் கருத்தே சரியென்று பட்டது. அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். சங்கரின் பாஸை, கம்பெனியை, எல்லாவற்றையும். தேர்வு முடிந்ததும் மூவரும் போகிறோம், திரும்பி வரமாட்டோம், இந்த வீடு, பள்ளி, தோழிகள், சரோஜா அக்கா, எதுவும் இனி இல்லை என்று, அவளுக்குப் புரியும்படி நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசானது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் அட்டையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கும்மா" என்றாள். "முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"